ஜெர்மன் நோட்கெல்ட்: வண்ணச் செட் வாங்கலாமா, புழங்கிய நோட்டைத் தேடலாமா?

கரூர்க்காரன்

வணக்கம். நான் பிரிட்டிஷ் இந்தியா நோட்டுகள் சேர்ப்பவன். 1917-இல் வந்த ஒரு ரூபாய்த் தாளைப் பற்றிப் படிக்கப் போய்த்தான் இந்தப் பக்கம் வந்தேன். முதல் உலகப் போரில் ரூபாய் அடிக்க வெள்ளி போதவில்லை. அதனால் அந்த ஆண்டு நவம்பர் 30-இல் ஒரு ரூபாய்க்கும், அடுத்த ஜனவரியில் இரண்டு ரூபாய் எட்டணாவுக்கும் தாள் வெளியிட்டார்கள். அதே போரில் ஜெர்மனியில் நகராட்சி, சுரங்கம், தொழிற்சாலை என்று ஆளாளுக்குத் தாள் பணம் அச்சடித்திருக்கிறார்கள். நோட்கெல்ட் என்கிறார்கள், நெருக்கடிக் காலப் பணம்.

ஒரு கண்காட்சியில் ஹாமெல்ன் ஊரின் எலிபிடிப்பான் கதை நோட்டுகளை செட்டாக வாங்கினேன். அச்சு அவ்வளவு அழகு. அங்கிருந்த மூத்த சேகரிப்பாளர் ஒருவர், "தம்பி, இது பணமே இல்லை. அந்தக் காலத்திலேயே சேகரிக்கிறவர்களுக்கு விற்க அடித்தது" என்று சொல்லிவிட்டார்.

அவர் சொன்னது சரியா? அப்படியென்றால் உண்மையில் புழங்கிய நோட்டை எப்படி அடையாளம் காண்பது? பெரிய தொகை போட முடியாது. எங்கிருந்து தொடங்கலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தாள்நாணயம்

நல்ல கேள்வி தம்பி. அவர் சொன்னதில் பாதி சரி. நோட்கெல்ட் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதற்குள் குறைந்தது நான்கு வேறு வேறு கதைகள் இருக்கின்றன. எந்த ஆண்டு நோட்டு என்று பார்த்தாலே எந்தக் கதை என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

முதலாவது 1914. ஆகஸ்டில் போர் மூண்டதும் மக்கள் கையிலிருந்த தங்கம், வெள்ளி நாணயங்களை வெளியே விடவில்லை. ஆகஸ்ட் 4-ஆம் தேதிச் சட்டங்களால், நோட்டைக் கொடுத்தால் ரைஷ்பாங்க் (ஜெர்மனியின் மத்திய வங்கி) தங்கம் தர வேண்டும் என்ற கடமையும் போய்விட்டது. கடையில் சில்லறை இல்லை, ஆலையில் கூலி கொடுக்கக் காசு இல்லை. அல்சாஸ், கிழக்குப் பிரஷ்யா போன்ற எல்லைப் பகுதிகளில் இது இன்னும் கடுமை. அங்கே ஊராட்சிகள் கையில் கிடைத்த தாளில் தொகையை எழுதி, முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தன. சில சீட்டு தட்டச்சில் இருக்கும், சில கையெழுத்திலேயே இருக்கும். பார்க்க ஒன்றுமே இருக்காது. ஆனால் இதைவிட உண்மையான நெருக்கடிப் பணம் கிடையாது.

இரண்டாவது, 1916-லிருந்து வந்த சில்லறைத் தாள்கள். செம்பும் நிக்கலும் ஆயுத ஆலைகளுக்குப் போய்விட்டன. அரசு இரும்பிலும் துத்தநாகத்திலும் அலுமினியத்திலும் காசு அடித்துப் பார்த்தது, அதுவும் போதவில்லை. அப்போது ஊர்கள் 10, 25, 50 ஃபென்னிக் (மார்க்கில் நூறில் ஒரு பங்கு) மதிப்பில் சின்னச் சின்னத் தாள்களை வெளியிட்டன. இவை நிஜமாகவே கடைக்குப் போனவை, டிராமுக்குக் கொடுத்தவை. மடிப்பும் அழுக்கும் இருக்கும்.

1918 இலையுதிர் காலத்தில் ஒரு சிறு திருப்பம். தோல்வி நெருங்க நெருங்க எல்லோரும் வங்கியிலிருந்து ரொக்கத்தை எடுத்து வீட்டில் வைத்துக்கொண்டார்கள். ரைஷ்பாங்கால் அச்சடித்து ஈடுகொடுக்க முடியவில்லை. ஆகவே ஊர்களையே 5, 10, 20, 50 மார்க் நோட்டுகள் அடிக்கச் சொன்னார்கள்.

மூன்றாவது, நீங்கள் வாங்கிய வகை. 1920 முதல் 1922 வரை வந்த தொடர் நோட்டுகள். ஜெர்மானியர்கள் 'சேரியன்ஷைன்' என்பார்கள். போர்க்காலச் சில்லறைத் தாள்களைச் சேர்க்கும் பழக்கம் நாடெங்கும் பரவிவிட்டதைப் பார்த்த ஊர்கள், அப்படிச் சேர்ப்பவர்களை மனத்தில் வைத்தே வண்ணப் படங்களோடு நான்கு, ஆறு, பத்து என்று செட் போட்டு விற்றன. வாங்கியவர் அதை ஆல்பத்தில் வைத்துவிடுவார், கருவூலத்துக்குத் திரும்பக் கொண்டுவர மாட்டார். அச்சுக்கூலி போக மீதியெல்லாம் ஊருக்கு வரவு. 1922 ஜூலை 17-ஆம் தேதிச் சட்டம் இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது.

நான்காவது 1922 இறுதியும் 1923-உம். அதற்குத் தனியாகவே எழுத வேண்டும், இன்னொருவர் எழுதட்டும்.

என் கருத்து, கையில் பணம் குறைவென்றால் இரண்டாவது வகையில் தொடங்குங்கள். ஒரு நகரத்து மக்கள் காசில்லாமல் எப்படிச் சமாளித்தார்கள் என்பதற்கு அந்த அழுக்குத் தாள்தான் சாட்சி.

வண்ணத்தூரிகை

தாள்நாணயம் சார் வரிசைப்படுத்தியதை ஏற்கிறேன். ஆனால் தொடர் நோட்டுகளை ஒரு படி கீழே வைப்பதை ஏற்க முடியவில்லை. நான் அச்சுத்துறையில் இருப்பவள், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

நௌம்புர்க் ஊரின் நோட்டுகளை எடுத்துப் பாருங்கள். ஹுசைட் (செக் நாட்டுச் சமயச் சீர்திருத்தவாதிகளின்) படை ஊரை முற்றுகையிட்டபோது குழந்தைகள் போய்க் கெஞ்ச, படைத்தலைவன் மனமிரங்கி அவர்களுக்குச் செர்ரிப் பழம் கொடுத்தனுப்பினான் என்று அங்கே ஒரு பழங்கதை. அதை வைத்து ஊரில் செர்ரித் திருவிழாவும் உண்டு. வால்டர் ஹேகே அந்தக் கதையை நிழலுருவப் படங்களாக வெட்டி நோட்டுத் தொடராக்கினார். உள்ளங்கை அளவுத் தாளில் கூட்டம், குதிரை, குழந்தைகள், எல்லாம் கறுப்பு உருவமாக. முகம் தெரியாது, ஆனாலும் யார் கெஞ்சுகிறார், யார் மிரட்டுகிறார் என்று தெரியும்.

பான் நகரம் தன் ஊரில் பிறந்த பேத்தோவனைப் போட்டது. வைமர் கோத்தேயையும் ஷில்லரையும் போட்டது. எர்ஃபுர்ட் மார்ட்டின் லூதரை. ஷ்லெஸ்விக் பகுதி ஊர்கள், ஜெர்மனியோடு இருப்பதா டென்மார்க்கோடு போவதா என்று 1920 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நடந்த வாக்கெடுப்பையே நோட்டில் ஏற்றின. போரில் தோற்று, மன்னரும் போய், எல்லையும் மாறிக்கொண்டிருந்த நாட்டில் ஒவ்வொரு சிற்றூரும் "நாங்கள் யார்" என்று தன் கையாலேயே எழுதிவைத்த ஆவணம் இது. விற்பதற்காக அடித்தார்கள் என்பதால் அது பொய்யாகிவிடுமா?

கரூர்க்காரன் தம்பி, உங்கள் ஹாமெல்ன் செட்டை யார் என்ன சொன்னாலும் கொடுத்துவிடாதீர்கள்.

தாள்நாணயம்

கொடுக்கச் சொல்லவில்லை அம்மா. கலை என்ற அளவில் நீங்கள் சொல்வதில் எனக்கு மறுப்பு இல்லை. பணம் என்ற பெயரில் விற்கும்போதுதான் என் கேள்வி.

மெக்லென்பர்க்கின் ரொய்ட்டர் பணத்தைப் பாருங்கள். அந்தப் பகுதி எழுத்தாளர் ஃபிரிட்ஸ் ரொய்ட்டரின் நினைவாக 70 ஊர்கள் சேர்ந்து, ஊருக்கு மூன்று வீதம் 10, 25, 50 ஃபென்னிக் நோட்டுகள் வெளியிட்டன. ஆக 210 நோட்டு. எல்லாம் ஒரே அளவு, ஒரே திட்டம், வாசகங்கள் வட்டார மொழியான கீழ் ஜெர்மனில். 70 ஊருக்கும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி சில்லறைத் தட்டுப்பாடு வந்ததா? இது முழுக்க முழுக்க ஆல்பத்துக்காகத் திட்டமிட்ட வெளியீடு. செல்லுபடிக் காலத்தையும் அச்சில் பாருங்கள், ஒருவர் அதைக் கடையில் கொடுத்துப் பொருள் வாங்க வாய்ப்பே இல்லாத மாதிரி வைத்திருப்பார்கள்.

புதிதாக வருகிறவர் இதைத் தெரிந்துகொண்டு வாங்கட்டும் என்பதுதான் நான் சொல்வது.

ஸ்டுட்கார்ட் தமிழன்

நான் இங்கேயே இருப்பதால் நடைமுறை விஷயம் கொஞ்சம் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தைகளில் அட்டைப்பெட்டி நிறைய நோட்கெல்ட் கிடக்கும். சாதாரணத் தொடர் நோட்டு ஒன்று சில யூரோக்களுக்குள் முடிந்துவிடும். நூறு ஆண்டு பழைய தாள் புத்தம்புதுசாக இவ்வளவு மலிவாகக் கிடைப்பதற்குக் காரணமே தாள்நாணயம் ஐயா சொன்னதுதான். அன்றைக்கே ஆல்பத்துக்குப் போனதால் ஏராளமாகத் தப்பிப் பிழைத்திருக்கிறது. புழங்கிய நோட்டை ஊர்கள் திரும்பப் பெற்று அழித்துவிட்டன.

ஒரு நோட்டைக் கையில் எடுத்தால் நான் முதலில் படத்தைப் பார்ப்பதில்லை, எழுத்தைப் பார்ப்பேன். யார் வெளியிட்டது? மாகிஸ்ட்ராட் என்றிருந்தால் நகராட்சி, ஷ்பார்காஸ்ஸே என்றால் சேமிப்பு வங்கி, இல்லாவிட்டால் ஏதாவது ஆலையின் பெயர் இருக்கும். எந்தக் கருவூலத்தில் மாற்றித் தருவார்கள், எந்தத் தேதிவரை செல்லும் என்பதும் அதிலேயே இருக்கும். வெளியிட்ட தேதிக்கும் காலாவதித் தேதிக்கும் இடையே எவ்வளவு காலம் விட்டிருக்கிறார்கள் என்று கணக்குப் போட்டாலே பாதி விஷயம் புரிந்துவிடும். வரிசை எண்ணும் முக்கியம். எண் இல்லாமல் கூட நிறைய உண்டு, ஆனால் கையால் எண்ணிட்டு ஊர் முத்திரையும் குத்தியிருந்தால் அந்த நோட்டுக்கு யாரோ கணக்கு வைத்திருந்தார்கள் என்று பொருள்.

துளையிட்டிருந்தாலோ, 'உன்குல்ட்டிக்', 'என்ட்வெர்ட்டெட்' என்று முத்திரை இருந்தாலோ அது மாற்றிக்கொண்ட பிறகு ரத்து செய்த நோட்டு. 'முஸ்டர்' என்றால் மாதிரி. சிலர் துளை விழுந்ததைத் தள்ளிவிடுவார்கள். நான் தேடி வாங்குவேன்.

எழுத்துரு பெரும்பாலும் பழைய கோத்திக் வகை. அதில் எஸ்-உம் எஃப்-உம் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். ஊர்ப் பெயரைத் தவறாகப் படித்து வேறு ஊர் நோட்டு என்று விற்பவர்கள் இருக்கிறார்கள், பெயரை நிதானமாகப் படியுங்கள். வியாபாரிகள் விவரத்தில் கிராபோவ்ஸ்கி-மெல் எண் என்று ஒன்று போட்டிருப்பார்கள். அது ஜெர்மன் நோட்கெல்டுக்கான விலைப்பட்டியல் தொகுதிகளில் உள்ள எண். அந்த எண் இருந்தால் எந்தச் செட்டில் எத்தனையாவது நோட்டு என்பது வரை சரிபார்த்துவிடலாம்.

கரூர்க்காரன்

எல்லோருக்கும் நன்றி. போலி பற்றி யாராவது சொல்ல முடியுமா? 1923 பற்றியும்.

ஆறாம் பக்கம்

1923 பற்றி நான் எழுதுகிறேன். இந்த ஒரு ஆண்டைத்தான் நான் சேர்க்கிறேன்.

போருக்கு முன் ஒரு டாலருக்கு 4.20 மார்க். 1923 நவம்பரில் 4.2 லட்சம் கோடி மார்க். இந்த இரண்டு எண்ணையும் மனத்தில் வைத்துக்கொண்டால் அந்த ஆண்டின் எந்த நோட்டையும் படித்துவிடலாம். ரைஷ்பாங்க் தன் அச்சகம் போதாமல் 130-க்கும் மேற்பட்ட தனியார் அச்சகங்களுக்கு வேலை கொடுத்தது, 30 காகித ஆலைகள் தாள் அனுப்பிக்கொண்டிருந்தன. அப்படியும் சம்பள நாளில் ரொக்கம் இல்லை. ஊர்களும் ஆலைகளும் மறுபடி அச்சடித்தன. ரயில்வேகூடத் தன் பெயரில் நோட்டு வெளியிட்டது.

இந்த நோட்டுகளில் அவசரம் கண்ணுக்குத் தெரியும். ஒரு பக்கம் மட்டும் அச்சு, பின்பக்கம் வெறுந்தாள். ஆயிரம் மார்க் நோட்டின் மேல் சிவப்பு மையில் நூறு கோடி என்று குறுக்கே அடித்து வெளியிட்டது ரைஷ்பாங்க். பல ஊர்களும் இதையே செய்தன. பழைய நோட்டின் மதிப்பு அச்சு மை காய்வதற்குள் போய்விட்டதால், மேலே புது மதிப்பை ஏற்றினார்கள். ஒரே ஊரின் ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர், நவம்பர் நோட்டுகளை வரிசையாக வைத்தால் லட்சம், கோடி, நூறு கோடி, லட்சம் கோடி என்று ஏறும். என் ஆல்பத்தில் அப்படித்தான் வைத்திருக்கிறேன், ஊர் வாரியாக, மாத வாரியாக.

துரிங்கியா மாநில வங்கிக்காக அப்போது பௌஹவுஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளியின் மாணவராக இருந்த ஹெர்பர்ட் பையர் வடிவமைத்த பத்து லட்சம், இருபது லட்சம் மார்க் நோட்டுகள் இந்த ஆண்டுதான். படம் கிடையாது, அலங்காரம் கிடையாது, எழுத்தும் எண்ணும் பட்டையான வண்ணமும் மட்டும். வண்ணத்தூரிகை அக்கா இதை எப்படி விட்டார்கள் என்று தெரியவில்லை. கலையும் நெருக்கடியும் ஒரே தாளில் சேர்ந்திருப்பது இங்கேதான்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது அந்த ஆண்டின் கடைசி மாதங்களில் வந்த 'மதிப்பு மாறா' நோட்டுகள். மார்க்கை யாரும் நம்பாததால் டாலரிலும் தங்க மார்க்கிலும் (போருக்கு முந்தைய தங்க மதிப்பில் கணக்கிட்ட மார்க்) மதிப்பெழுதி வெளியிட்டார்கள். 0.42 தங்க மார்க் என்ற விசித்திரமான தொகை எப்படி வந்தது என்றால், அது ஒரு டாலரில் பத்தில் ஒரு பங்கு. ஓல்டன்பர்க் அரசு அதற்கு முந்தைய ஆண்டே ரை தானியத்தின் எடையை அடிப்படையாக வைத்துப் பத்திரம் வெளியிட்டிருந்தது. நோட்டில் அச்சான எண்ணை விட்டு மக்கள் தானியத்தையும் டாலரையும் பிடித்துக்கொண்டார்கள். நவம்பர் 15-இல் நில அடமானத்தை ஆதாரமாகக் கொண்ட ரென்டன்மார்க் வந்தது. ஒரு ரென்டன்மார்க்குக்கு லட்சம் கோடி பழைய மார்க். டாலர் மறுபடி 4.20-க்கு வந்து நின்றது.

மதுரைக்காரி

போலி பற்றிக் கேட்டிருந்தீர்கள். மலிவான நோட்டை யாரும் போலி செய்வதில்லை. கவனிக்க வேண்டிய இடம் இரண்டு. ஒன்று 1914-இன் கையெழுத்து, தட்டச்சுச் சீட்டுகள். பழைய தாளும் பழைய தட்டச்சும் இருந்தால் செய்துவிடலாம் என்பதால், வந்த வழி தெரியாமல் பெரிய விலை கொடுக்காதீர்கள். இன்னொன்று, சாதாரண நோட்டின் மேல் பிறகு குத்திய முத்திரைகள். இதைப் பற்றித் தனியாகக் கேட்க வேண்டும் என்றிருந்தேன்.

புற ஊதா விளக்கு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தாளை வெளுப்பாகக் காட்டும் ஒளிர்பொருட்களை இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் காகிதத்தில் பரவலாகச் சேர்த்தார்கள். 1921 நோட்டு அந்த விளக்கில் நீலவெள்ளையாகப் பளிச்சென்று ஒளிர்ந்தால் அந்தத் தாள் 1921-இன் தாள் இல்லை.

இப்போது என் கேள்வி. ஒரு தொகுப்போடு சேர்த்து வாங்கியதில், 1923 நோட்டு ஒன்றின் பின்புறம் யூதர்களை இழிவுபடுத்தும் படமும் வாசகமும் அடித்தது வந்திருக்கிறது. அதை வைத்துக்கொள்வதா, கிழித்துப் போடுவதா என்று குழம்புகிறேன்.

தாள்நாணயம்

கிழிக்காதே அம்மா. பணவீக்கம் முடிந்த பிறகு செல்லாத நோட்டுகள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. நாஜிக் கட்சி அதைப் பிரசுரமாகப் பயன்படுத்தியது. வெறும் தாளில் அடித்துக் கொடுத்தால் யாரும் வாங்க மாட்டார்கள், பணம் மாதிரி இருந்தால் தெருவில் கிடந்தாலும் குனிந்து எடுப்பார்கள். சேமிப்பெல்லாம் கரைந்துபோன மக்களிடம், அந்தக் கரைந்த பணத்தின் மேலேயே "இதற்குக் காரணம் இவர்கள்" என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். வெறுப்பு எப்படி ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு இதைவிட வலுவான ஆதாரம் வேண்டுமா?

ஆனால் இப்படிப் பழைய நோட்டின் மேல் அடித்த உண்மையான மேலச்சு அபூர்வம். இதில்தான் போலி அதிகம். அடியில் உள்ள நோட்டு உண்மை, மேலே உள்ள முத்திரை சமீபத்தில் யாரோ செய்தது என்ற நிலை அடிக்கடி வரும்.

ஸ்டுட்கார்ட் தமிழன்

ஒன்று சேர்க்கிறேன். இங்கே ஸ்வஸ்திக அடையாளம் உள்ள பொருளைப் பொதுவில் காட்டுவதற்குக் குற்றவியல் சட்டத்தின் 86ஏ பிரிவில் தடை இருக்கிறது. ஆய்வு, கல்வி, கலை போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. அதனால் வியாபாரிகள் படத்தில் அந்த இடத்தை மறைத்துத்தான் போடுவார்கள். மேலச்சு மட்டுமில்லை, 1921, 1922 தொடர் நோட்டுகள் சிலவற்றிலேயே யூத வெறுப்புப் படங்கள் இருக்கின்றன. நகராட்சியே அதிகாரபூர்வமாக அச்சிட்டது. நாஜிகள் ஆட்சிக்கு வர இன்னும் பத்தாண்டுகளுக்கு மேல் இருந்த காலம். எனக்கு அதுதான் அதிக அதிர்ச்சி.

வண்ணத்தூரிகை

இதைப் படித்ததும் நான் மேலே எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. ஊர்கள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதிய ஆவணம் என்றேன். செர்ரித் திருவிழாவும் அதில் இருக்கிறது, இதுவும் அதில்தான் இருக்கிறது. மதுரைக்காரி, அந்த நோட்டை வைத்திருங்கள், ஆனால் தனி உறையில், என்ன, எப்போது, யார் செய்தது என்று ஒரு குறிப்புச் சீட்டோடு வையுங்கள். குறிப்பில்லாமல் விற்பனைக்குப் போனால் அது மறுபடி பிரசுரமாகிவிடும். விற்று லாபம் பார்ப்பதை நான் ஏற்க மாட்டேன்.

மதுரைக்காரி

நன்றி அக்கா. குறிப்போடு வைக்கிறேன். விற்க மாட்டேன்.

யாழ்வாசி

நல்ல விவாதம். ஜெர்மனியை விட்டுக் கொஞ்சம் வெளியிலும் பார்க்கலாம் எண்டு நினைக்கிறேன். நான் ஐரோப்பாவின் மற்ற நாடுகளைத்தான் சேர்க்கிறேன், போட்டியும் குறைவு.

ஆஸ்திரியாவில் 1920-ஐ ஒட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்கள் 10, 20, 50 ஹெல்லர் (அந்த நாட்டுச் சில்லறை) தாள்கள் வெளியிட்டன. மிகச் சிறிய கிராமம்கூடத் தன் தேவாலயக் கோபுரத்தைப் போட்டு அடித்திருக்கும். பிரான்சில் ஒழுங்கு அதிகம். 1914-லிருந்து வணிகர் சங்கங்கள்தான் 50 சென்டிம், 1, 2 பிராங்க் தாள்களை வெளியிட்டன, அதற்கு ஈடான தொகையை பிரான்ஸ் வங்கியில் கட்ட வேண்டும். ஈடு இருந்ததால் மக்களும் நம்பி வாங்கினார்கள். பெரும்பாலும் நன்றாகப் புழங்கி, துணி போல் தொய்ந்துதான் கிடைக்கும்.

ஸ்பெயின் உள்நாட்டுப் போர்க்காலம் இன்னொரு உலகம். கட்டலோனியாவில் ஊருக்கு ஊர் தாள் அடித்தது. 1938-இல் குடியரசு அரசு வட்ட அட்டையில் தபால்தலையை ஒட்டிச் சில்லறையாகப் புழக்கத்தில் விட்டது. கையில் எடுத்தால் ஒரு பக்கம் சின்னம், மறுபக்கம் தபால்தலை. இத்தாலியில் போரே இல்லாமல் 1975 இறுதியிலிருந்து சில்லறைப் பஞ்சம். மிட்டாய், தொலைபேசி டோக்கன், தபால்தலை எல்லாம் மீதிக் காசாகக் கொடுத்தார்கள். பிறகு வங்கிகள் 50, 100, 150 லிரா என்று குட்டிக் காசோலைகளை அச்சடித்தன. மினியசெஞ்ஞி எண்டு பெயர். இதுவும் சீக்கிரமே சேகரிப்போர் பண்டமாகிவிட்டது, 1978 வாக்கில் முடிந்தது. நீங்கள் ஜெர்மனியின் 1921 பற்றிப் பேசுவது அப்படியே அங்கே திரும்ப நடந்தது.

மிகப் பழையது வேண்டுமென்றால் நெதர்லாந்தின் லைடன். 1574-இல் ஸ்பானியப் படை முற்றுகையிட்டபோது, தேவாலயப் பிரார்த்தனைப் புத்தகங்களின் தாள்களை ஒன்றாக ஒட்டி, நாணயம் போல் அச்சுக் குத்திப் புழங்கவிட்டார்கள். ஐரோப்பாவின் முதல் தாள் பணம் எண்டு பலர் இதைத்தான் சொல்வார்கள். என்னிடம் இல்லை, அருங்காட்சியகத்தில் பார்த்ததோடு சரி.

எங்கட நாட்டிலும் 1942-இல் இதே கதைதான். உலோகம் இல்லாததால் ஐந்து சதத்துக்குத் தாள் வந்தது. நடுவே துளை வரிசை இருக்கும், கிழித்தால் ஒரு துண்டு இரண்டு சதம், மற்றது மூன்று சதம். கிழியாத தாள் ஒன்றை அம்மம்மா வைத்திருந்தார், அதில்தான் எனக்கு இந்த ஆர்வமே பிடித்தது.

நெல்லை நூலகர்

நான் சேகரிப்பாளன் இல்லை, பழைய தாள் பாதுகாப்பில் வேலை செய்பவன். பாதுகாப்பு பற்றி யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன்.

போர்க்காலத் தாள் மரக்கூழ் அதிகமான, அமிலமுள்ள தாள். தானாகவே பழுக்கும், ஓரம் நொறுங்கும். நம் ஊர் ஈரமும் வெயிலும் சேர்ந்தால் வேகம் இரட்டிப்பாகும். லேமினேஷன் செய்யவே கூடாது, பிறகு யாராலும் மீட்க முடியாது. ஒட்டுநாடா கூடாது. கடையில் மலிவாகக் கிடைக்கும் பிவிசி உறை சில ஆண்டுகளில் பிசுபிசுத்து மையை உறிஞ்சிவிடும். பாலியஸ்டர் உறை விலை கூடுதல், ஆனாலும் அதையே வாங்குங்கள். பழைய ஜெர்மன் ஆல்பங்களில் நோட்டைப் பின்னால் பசைத்தாள் போட்டு ஒட்டியிருப்பார்கள். அதை நகத்தால் சுரண்ட வேண்டாம். அப்படியே விடுவது மேல், இல்லாவிட்டால் தெரிந்தவரிடம் கொடுங்கள். மரப் பீரோவில் கற்பூர உருண்டையோடு வைப்பது பலர் வழக்கம், தாளுக்கு அதன் வாடையும் ஆவியும் நல்லதில்லை. சிலிக்கா ஜெல் பை போட்டு, அவ்வப்போது மாற்றினால் போதும்.

கரூர்க்காரன்

இவ்வளவு விரிவாக யாரும் சொல்லித் தந்ததில்லை. ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். நாடு முழுக்கச் சேர்க்காமல் ஒரே ஓர் ஊரை எடுத்துக்கொண்டு, போர்க்காலச் சில்லறைத் தாளில் தொடங்கி 1923 வரை அந்த ஊர் என்னென்ன அச்சடித்தது என்று சேர்க்கப் போகிறேன். ஹாமெல்ன் செட் அப்படியே இருக்கும்.

எந்த ஊர் என்பதுதான் தெரியவில்லை. துணியில் நோட்டு அடித்த ஊர் ஒன்று உண்டென்று எங்கேயோ படித்தேன். நான் தறிகளுக்கு நடுவே வளர்ந்தவன், அது கிடைத்தால் விடமாட்டேன்.

தாள்நாணயம்

பீலெஃபெல்ட். லினன் நெசவுக்குப் பெயர்போன ஊர். அங்கே நகரச் சேமிப்பு வங்கியை நடத்திய பவுல் ஹாங்கே என்பவர்தான் பட்டிலும் லினனிலும் வெல்வெட்டிலும் நோட்டு அச்சடிக்க வைத்தவர். சிலவற்றின் ஓரத்தில் பின்னல் கூட இருக்கும். தறியில் என்ன நெய்கிறோமோ அதிலேயே பணம். இதேபோல் ஓஸ்டர்வீக் தோலில் அடித்தது, மைசன் பீங்கானில் காசு செய்தது. அவரவர் ஊர்த் தொழில் எதுவோ அதில்.

முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், பட்டு நோட்டுகளில் பெரும்பங்கு சேகரிப்போருக்கு விற்றதுதான். நான் எதை எதிர்த்துப் பேசினேனோ அதே வகை. ஆனால் உங்கள் திட்டத்துக்கு இது பொருத்தமான ஊர். போர்க்காலச் சில்லறைத் தாள் இருக்கிறது, பட்டு இருக்கிறது, 1923 இறுதியில் தங்க மார்க் மதிப்பிட்ட துணி நோட்டும் இருக்கிறது. நான்கு கதைகளில் கடைசி மூன்றும் ஒரே ஊரில் கிடைத்துவிடும். முதலில் சாதாரணத் தாள் நோட்டுகளை வாங்குங்கள், விலை குறைவு. பட்டுக்குப் பொறுங்கள். துணியில் கறை, நூல் பிரிந்தது, சலவை செய்தது, மூன்றையும் நேரில் பார்க்காமல் படத்தை மட்டும் நம்பி வாங்கக் கூடாது.

வண்ணத்தூரிகை

தம்பி, பட்டு வாங்கும்போது முடிந்தால் ஒரே நோட்டின் இரண்டு வண்ணங்களைப் பாருங்கள். ஒரே அச்சை வெவ்வேறு நிறத் துணியில் ஏற்றியிருப்பார்கள், மை துணியில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று ஒப்பிட்டால் நெசவு தெரிந்த உங்களுக்கு எங்களுக்குத் தெரியாததெல்லாம் தெரியும். பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.

ஸ்டுட்கார்ட் தமிழன்

என்னிடம் பீலெஃபெல்டின் போர்க்காலத் தாள் ஒன்று கூடுதலாக இருக்கிறது. நடுவில் மடிப்பு, ஒரு மூலை போயிருக்கிறது, மற்றபடி திடமான தாள். மாற்றாக உங்களிடம் பிரிட்டிஷ் இந்தியா ஒரு ரூபாய் கூடுதலாக இருந்தால் போதும், எந்த நிலையில் இருந்தாலும் சரி. தனிமடலில் முகவரி அனுப்புங்கள், பதிவுத் தபாலில் இரண்டு அட்டைக்கு நடுவே வைத்து அனுப்புகிறேன்.

கரூர்க்காரன்

இருக்கிறது அண்ணா. மடலில் படம் அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.